நடுத்தூணைக் கேட்டுவிட்டுத்தான் கதவுக்கு விலை சொல்வோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாகத் தொலைபேசியில் ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "கராஜில ரெண்டு கதவு இருக்கு. ரெண்டையும் கழட்டிப்போட்டு ஒரே அகலக் கதவாப் போட எவ்வளவு முடியும்?" வந்து பார்க்காமல் சொல்ல மாட்டோம் என்று பதில் சொல்கிறோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. சாதாரண ரோலர் டோருக்குச் சதுர அடிக் கணக்கில் உடனே விலை சொல்லும் கடைதானே, இதற்கு மட்டும் என்ன இவ்வளவு பிகு என்று ஒரு ஐயா கடைக்கே வந்து கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

இந்த ஆசை எங்களுக்குப் புரியாததல்ல. உவர்மலையில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனோம். எட்டடி அகலத்தில் இரண்டு வாசல், நடுவில் பதினான்கு அங்குலத் தூண். தூணின் இரண்டு ஓரங்களிலும் இடுப்பளவு உயரத்தில் வெள்ளை, கருஞ்சிவப்பு, சாம்பல் என்று கோடு கோடாகப் பெயின்ற் ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் நின்றுபோன வாகனங்களின் சரித்திரமே அதில் இருந்தது. இப்போது மகன் வான் வாங்கியிருக்கிறார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான் உள்ளே போகும், அதுவும் அம்மா பின்னால் நின்று "வா வா, நில் நில்" என்று சொன்னால். தூணை எடுத்தால் பதினேழடி இரண்டங்குலம் திறந்த வாசல் கிடைக்கும். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்தத் தூண் கதவுகளைப் பிரிப்பதற்காக மட்டும் நிற்பதில்லை. மேலே இருக்கும் பாரத்தில் பாதி, சில இடங்களில் பாதிக்கும் மேல், அதன் தலையில்தான் இறங்குகிறது. இரண்டு ஓரத் தூண்களும் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நடுத்தூண் போனால் அதன் பங்கும் ஓரங்களுக்குப் போகும். அங்கே அத்திவாரம் அதைத் தாங்குமா என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே நாங்கள் முதலில் பார்ப்பது கூரையை. தகரமோ அஸ்பெஸ்டாஸ் சீற்றோ போட்ட கராஜ் என்றால் பாரம் குறைவு, வேலை ஓரளவு இலகு. கொங்கிறீற் தட்டு என்றால் யோசிக்க வேண்டும். தட்டுக்கு மேல் பிறகு ஒரு அறையும் கட்டியிருந்தால், நாங்கள் அளவு நாடாவை மடித்து வைத்துவிட்டு, பட்டம் பெற்ற கட்டடப் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவரச் சொல்வோம். இதில் எங்கள் அனுபவம் போதாது, மேசனின் அனுபவமும் போதாது. அடுத்தது தூணில் அரை அங்குலத் துளை ஒன்று போட்டு, கீழே காகிதம் பிடித்து விழும் தூளைப் பார்ப்போம். சிவப்பாக விழுந்தால் செங்கல், கடைசிவரை சாம்பலாகவே விழுந்தால் கொங்கிறீற் அல்லது சீமெந்துக் கல். பழைய வீடுகளில் பூச்சு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

இனி பீம், அதாவது தூண்களுக்கு மேல் குறுக்கே கிடந்து பாரத்தைத் தாங்கும் உத்தரம். வாசலுக்கு மேல் போடும் லிண்டலும் ஒரு சிறிய பீம்தான். "மேலே லிண்டல் இருக்கத்தானே இருக்கு, தூணை மட்டும் வெட்டி எடுங்கோ" என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறோம். எட்டடிக்குப் போட்ட லிண்டலைப் பதினாறடிக்கு நீட்டினால் பாரம் இரட்டிப்பாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வளைக்கும் விசை நாலு மடங்காகிறது. அதே பீம் கீழே தொய்யும் அளவு பதினாறு மடங்கு. இன்னொரு சிக்கல் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் இருக்கிறது. தூணுக்கு மேல் தொடர்ந்து ஓடும் பீமில், தூண் இருக்கும் இடத்தில் இழுவிசை மேற்பக்கத்தில் வரும். அதனால் கம்பியும் அங்கே மேற்பக்கம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். தூணை எடுத்த மறுகணம் அதே இடத்தில் இழுவிசை அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். கம்பி தேவையான இடத்தில் கம்பி இருக்காது. வெடிப்பு முதல் நாளே தெரிய வேண்டுமென்றில்லை. ஒரு மாரி கழிந்தும் தெரியலாம்.

புதிய பீம் பதினேழடிக்கு ஏறத்தாழப் பதினைந்து, பதினெட்டு அங்குலம் ஆழமாக வரும். பழைய லிண்டல் ஒன்பது அங்குலம் என்றால், வித்தியாசம் ஆறு முதல் ஒன்பது அங்குலம். இது கீழ்ப்பக்கமாக இறங்கினால் ஏழடி உயர வாசல் ஆறரை அடிக்கும் கீழே போகலாம். வான் நுழையத்தான் வாசலை அகலமாக்கினோம், இப்போது அதன் கூரை இடிக்கிறது! இதற்கு மேல் ரோலர் உருளை சுருண்டு நிற்கவும் ஓர் அடிக்கு மேல் இடம் வேண்டும். முடிந்த இடங்களில் பீமை மேல்நோக்கி எழுப்பச் சொல்கிறோம். முடியாத இடத்தில், உருளை இல்லாமல் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் பனல் கதவைப் பரிந்துரைக்கிறோம். இரும்பு ஐ-பீம் போட்டால் ஆழம் குறையும், நாளும் மிச்சம். ஆனால் உப்புக்காற்று வீசும் ஊர் இது. கல்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்யாத இரும்பைக் கடற்கரை வீதியில் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ள எங்களால் முடியாது.

கொங்கிறீற் பீம் என்றால், அது இறுகும்வரை கீழே தாங்கி நிற்கும் முட்டுகளை மூன்று கிழமை அசைக்க வேண்டாம் என்று மேசன்மாரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வாகனங்கள் மாமரத்தின் கீழே நிற்கட்டும். சுவர், தூண் மாற்றும் வேலைக்கு உங்கள் உள்ளூராட்சி சபையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கதவுக்கு வருவோம். அகலக் கதவுக்குப் பெரிய எதிரி காற்று. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று பதினாறடிக்கு ஏழடிக் கதவில் நேராக மோதினால் தள்ளும் விசை ஏறத்தாழ 400 கிலோ. கதவு இரண்டாக இருந்தபோது நடுத்தூண் அதில் பாதியை வாங்கிக்கொண்டது. இப்போது முழுவதையும் இரண்டு பக்கத் தண்டவாளங்களும் வாங்க வேண்டும். கதவின் கீற்றுகளின் நுனியில், அவற்றைத் தண்டவாளத்துக்குள் பிடித்து வைக்கும் காற்றுப் பூட்டு இல்லாவிட்டால் கதவு வில்லாக வளைந்து தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடும். இந்தப் பூட்டுக்கு விலையில் கழிவு கேட்க வேண்டாம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வாடைக்காற்றை நேரே பார்க்கும் கதவு என்றால் பூட்டு இல்லாமல் பொருத்தவே மாட்டோம்.

ஸ்பிரிங் பற்றி ஒன்று. கதவின் பாரத்தை மோட்டார் தூக்குவதில்லை, ஸ்பிரிங்தான் தூக்குகிறது. வழக்கமான ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடும் கணக்குக்குச் செய்யப்படுகிறது. நாளுக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கதவு இருந்தபோது ஒன்று பழுதானால் மற்றதால் ஒரு வாகனமாவது வெளியே வரும். ஒரே கதவு என்றால் இரண்டுமே உள்ளே. கரண்ட் விடயமும் அப்படித்தான். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். கரண்ட் இல்லாதபோது கதவை மோட்டாரிலிருந்து கையால் விடுவிக்கும் பூட்டு கட்டாயம். கராஜுக்கு வேறு வாசல் இல்லையென்றால் அதை வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடியதாகப் போடுவோம்.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு வீட்டில் வாசலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து கதவுக்குச் சொல்லிவிட்டோம். தரையை அளக்கவில்லை. இரண்டு கராஜுக்கும் தனித்தனியாகத் தரை போட்டிருந்தார்கள். கதவை இறக்கியபோது இடப்பக்கம் தரையில் குந்தியது, வலப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் அந்தரத்தில் நின்றது. வீட்டுக்கார அக்கா ஒன்றும் பேசவில்லை. பூனை ஒன்று அந்த இடைவெளியால் தலையை விட்டுப் பார்த்தது. தரையை எங்கள் செலவில் திருத்திக் கொடுத்தோம். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாய் மட்டம் இல்லாமல் எந்த வாசலுக்கும் போவதில்லை.

சிலரிடம் "இரண்டு கதவையும் விட்டுவிடுங்கள்" என்றே சொல்கிறோம். மேலே அறை இருந்து, ஒரே ஒரு வாகனத்துக்குத்தான் இடம் போதாது என்றால், ஓரச் சுவர்ப்பக்கம் ஒரு வாசலை மட்டும் ஓரடி அகட்ட முடியுமா என்று பார்ப்பது மலிவு. அதிலும் லிண்டலும் ஓரத் தூணும் சம்பந்தப்படும், ஆனால் நடுத்தூண் நடுத்தூணாகவே நிற்கும். எங்களுக்கு வியாபாரம் குறையும், சரி.

செய்வதென்று முடிவெடுத்தால் பங்குனி தொடங்கி ஆவணிக்குள் செய்யப் பாருங்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை திறந்த சுவருடன் இருக்க வேண்டி வரும். வரண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் புதுக் கொங்கிறீற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட ஆள் வேண்டும், சாக்கு நனைத்துப் போட்டால் இன்னும் நல்லது.

அழைக்கும்போது இவற்றைச் சொன்னால் போதும்: கூரை எது, மேலே அறை உண்டா, ஒவ்வொரு வாசலின் அகலமும் உயரமும், கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது. உள்ளேயிருந்து தூணின் தலைப்பக்கம் தெரியும்படி ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். நகருக்குள் அளவெடுக்க வருவதற்குப் பணம் வாங்குவதில்லை. மூதூர், கிண்ணியாப் பக்கம் என்றால் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்ததும் ஒரே நாளில் வருவோம்.

அன்புடன்,
உங்கள் கதவுப் பட்டறையினர்,
திருகோணமலை