சனிக்கிழமை நடனத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

மாசசூசெட்ஸில் என்னுடன் கான்ட்ரா (ஜோடிகள் வரிசையாக நின்று ஆடும் நாட்டுப்புற நடனம்) ஆடும் தமிழ் நண்பர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

நான் அமைத்த நடனம் புதியதல்ல என்று பேச்சு எழுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி கிளற மனமில்லை. நேற்றிரவு கிரீன்ஃபீல்டில் என் நடனம் ஆடப்பட்டது. அரங்கிலேயே ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் தமிழில் சொல்லாமல் மனம் ஆறவில்லை.

முதல் நன்றி அந்தப் பெரியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பல காலம் மேடையில் நின்று நடனங்களை அறிவித்தவர். முழங்கால் வலியால் இப்போது ஆடுவதில்லை. எங்களுக்குள் பெரிய பழக்கம் கிடையாது. "இது ஏற்கெனவே இருக்கும் நடனம்" என்ற பேச்சு காதில் விழுந்ததும் அவரே தொலைபேசியில் அழைத்து, நடனத்தின் அசைவுகளை எழுதிவைத்த அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார்.

சமையலறை மேசையில் உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் ஒரு ஜோடி, இரண்டு தேநீர்க் கோப்பைகள் இன்னொரு ஜோடி. நான் வாசிக்க வாசிக்க அவற்றை நகர்த்தினார். தாளத்தின் கடைசித் தட்டில் இரண்டு ஜோடிகளும் இடம் மாறி அடுத்த ஜோடியைப் பார்த்து நின்றதும் தலையசைத்தார். அதன் பிறகுதான் தன் நடன அட்டைகள் இருக்கும் பெட்டிகளைத் திறந்தார்.

பெயரை வைத்துத் தேடுவதில் பயனில்லை. ஒரே நடனம் ஊருக்கு ஒரு பெயரில் உலவும். கான்ட்ராவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 64 தட்டுகள், பதினாறு பதினாறாக நான்கு பகுதிகள். எதிரில் வருபவருடன் ஒரு ஸ்விங் (இருவர் பிடித்துக்கொண்டு சுழல்வது), தன் ஜோடியுடன் ஒரு ஸ்விங் வைத்துவிட்டால் மிச்ச இடம் கொஞ்சம்தான். முன்பின் அறியாத இருவர் ஒரே நடனத்தை அமைத்துவிடுவது அதனால்தான். பெரியவர் என் நடனத்தை இரண்டாம் பகுதியிலிருந்தும் மூன்றாம் பகுதியிலிருந்தும் தொடங்கி வாசித்துத் தேடினார். தொடங்கும் இடம் மாறினால் பழையதும் புதிதாகத் தெரியுமாம். எனக்கு அது தோன்றியிருக்காது.

முதல் பாதி அப்படியே உள்ள இரண்டு பழைய அட்டைகள் கிடைத்தன. இரண்டாம் பாதி எதிலும் இல்லை. நான் கேட்காமலேயே பென்சிலை எடுத்து, என் அட்டையின் பின்புறம் "நான் பார்த்தவரை இது புதியது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். இத்தனை கால உழைப்பில் சேர்த்த பெயரை, அதிகம் பழகாத ஒருத்திக்காக ஒரு அட்டையில் அடகு வைக்க யாருக்கு மனம் வரும்? காரில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

அசைவுகளின் வரிசையை வைத்தே தேட வழி செய்திருக்கும் 'காலர்ஸ் பாக்ஸ்' என்ற இணைய நடனப் பட்டியலின் தொகுப்பாளர்களுக்கும், நியூ ஹாம்ப்ஷயரின் டர்ஹாமில், அந்தக் கால நடன அறிவிப்பாளர் ரால்ஃப் பேஜின் சேகரிப்பைக் காக்கும் பல்கலைக்கழக நூலகத்தாருக்கும், குளிரில் கராஜில் நின்று ஒத்திகை ஆடியவர்களுக்கும், ஃபிடில் கலைஞர்களுக்கும், புளியோதரை கட்டி வந்த வீட்டாருக்கும் என் நன்றி.

அந்த இரண்டு பழைய நடனங்களை அமைத்தவர்களின் பெயரையும் இனி என் அட்டையில் எழுதுவேன், மேடையிலும் சொல்வேன். எத்தனை ஆண்டுகள் கழித்தானாலும், இதே நடனத்தின் பழைய அட்டையை யாராவது கொண்டுவந்தால் என் பெயரை அடித்துவிட்டு அதை அமைத்தவர் வைத்த பெயரிலேயே ஆடுவோம். நம்மில் யாராவது புதிதாக அமைத்தால் தயங்காமல் என் வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே தேடுவோம்.