அப்பாவுக்கு, பிட்ஸ்பர்க்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. போனில் அம்மாவும் நானும் மாற்றி மாற்றிப் பேசி எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் நீங்கள் கேட்டதற்கு எழுத்திலேயே பதில் சொல்கிறேன். ஆச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கவினை யூதர்கள் நடத்தும் இடத்தில் விட்டிருக்கிறோமே, அது கோயிலா பள்ளிக்கூடமா என்று கேட்டிருந்தீர்கள். கோயில் இல்லை அப்பா. யூத சமூக மையம், இங்கே எல்லோரும் ஜே.சி.சி. என்பார்கள். நாங்கள் இருக்கிற ஸ்க்விரல் ஹில்லில், ஃபோர்ப்ஸ் தெருவும் மர்ரே தெருவும் சந்திக்கிற முக்கில் இருக்கிறது. வெளியே பெரிய கடிகாரம். அதில் எண்களுக்குப் பதில் ஹீப்ரு எழுத்துகள் இருக்கும். பாலர் வகுப்பு, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு எல்லாம் அங்கேயே நடக்கிறது. எந்த மதத்தாரும் சேரலாம். கவின் வகுப்பில் சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னல் போட்ட ரொட்டி ஒன்று கொடுத்துப் பாட்டுப் பாட வைப்பார்கள். வீட்டுக்கு வந்து நம் முருகன் படத்துக்கு முன்னால் அதே பாட்டைப் பாடுகிறான். ஆச்சி கேட்டால் சந்தோஷப்படுவாள்.

அந்த இடத்தைக் காட்டியதே கீழ்வீட்டுப் பாட்டிதான். எண்பது தாண்டியவர். கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா உப்பு இருக்கும். பனி உறைந்து கிடக்கிற படியில் அதைத் தூவிக்கொண்டே இறங்குவார். காலையில் நான் கதவைத் திறந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். சரியான பூட்ஸ் போடவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். மத்தியானம் ஜே.சி.சி.யில்தான் சாப்பாடு. ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். கறியும் பாலும் ஒன்றாகச் சேர்க்கமாட்டார்கள், இரண்டுக்கும் பாத்திரமே வேறு. நம் ஆச்சி மீன்சட்டியைத் தனியே கவிழ்த்து வைப்பாளே, அதே கண்டிப்பு. சாப்பாட்டில் உப்பு உறைப்பு கிடையாது, ஆனால் சூடாக இருக்கும். ஒரு மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்து, யார் இன்றைக்கு வரவில்லை என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள். வராதவர் வீட்டுக்கு யாராவது போன் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த இடம் பிடித்துப் போனது அதனால்தான்.

பாட்டியின் அம்மா சின்னப் பெண்ணாக ருமேனியாவிலிருந்து வந்தவராம். இந்த ஊரில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில், ஐரீன் காஃப்மன் பெயரில் ஓர் இல்லம் இருந்தது. 1895-ல் யூதப் பெண்கள் தொடங்கிய வேலை அது. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, குளிக்க இடம் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று அங்கே நடந்திருக்கிறது. அந்த வேர்தான் பிறகு வேறு அமைப்போடு சேர்ந்து இன்றைய ஜே.சி.சி. ஆகியிருக்கிறது. வந்தவர்களுக்காகத் தொடங்கிய இடம் என்பதால், நாமும் தயங்காமல் உள்ளே போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2018-ல் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, இங்கே பக்கத்தில் ட்ரீ ஆஃப் லைஃப் என்ற யூதர்களின் ஜெப ஆலயத்தில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து 11 பேரைக் கொன்றான். தங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் குடும்பங்கள் காத்துக்கிடந்தது இந்த ஜே.சி.சி. கட்டிடத்தில்தான். அன்று சாயங்காலம் அதே முக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்பாடு செய்து ஊரே கூடி நின்றதாம். அந்தத் துக்கத்திலிருந்து மீளாதவர்களுக்காக உள்ளே ஒரு தனிப் பிரிவே நடத்துகிறார்கள். அம்மாவுக்கு இதை மட்டும் வாசிக்க வேண்டாம், பயந்துவிடுவாள்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வருமானத்தைச் சொன்னால் குறைத்துக்கொள்கிறார்கள், அதனால் கவலை இல்லை. கார் இன்னும் வாங்கவில்லை. பஸ் வசதி இருக்கிறது, நடப்பதும் உடம்புக்கு நல்லதுதானே. வீட்டில் ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தே வைக்கிறோம், அதிகச் சூட்டில் கவினுக்குத் தொண்டை வறண்டுபோகிறது. கவின் அப்பா ஆய்வகத்திலிருந்து வர ராத்திரி ஆகிவிடும். எனக்கும் பொழுது போய்விடுகிறது. யாராவது வண்டியில் கூட்டிப்போனால் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போவோம். 1976-லேயே கட்டிய கோயில். புளியோதரை நன்றாக இருக்கும்.

போன வாரம் கவினை ஜே.சி.சி. குளத்தில் இறக்கினேன். பயந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். நீங்கள் படித்துறையில் என் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, காலை அடி, காலை அடி என்பீர்களே, அதையேதான் நானும் சொன்னேன். சொல்லச் சொல்லத் தொண்டை அடைத்துவிட்டது அப்பா. குளோரின் நாற்றத்துக்கு நடுவே தாமிரபரணித் தண்ணீர் வாசம் எங்கிருந்து வந்ததோ. ஆற்றில் இப்போது தண்ணீர் போகிறதா? அந்த மருத மரம் நிற்கிறதா? எழுதுங்கள். சொதி சாப்பிட வேண்டும் போல இருக்கிறது, அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, கீழவயல் விஷயம். பெரியப்பா அவசரப்படுத்துகிறார் என்பதற்காக நீங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் அத்தை மூவருக்கும் பங்கு உண்டு, அவர்களைக் கேட்காமல் செய்வது நன்றாக இராது. அண்ணனை வக்கீலிடம் ஒருதரம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மதினிக்கு வளைகாப்புத் தேதி குறித்துவிட்டார்களா? அதற்கு என் பங்காக அனுப்புவதாகச் சொன்ன பணம் சித்திரைக்குள் வந்துவிடும், அதுவரை என் பெயரில் இருக்கிற சீட்டை எடுத்துச் செலவு பண்ணுங்கள். வேறு யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், வெயில் ஏறும் முன்னால் முடித்துவிடுங்கள்.

அன்பு மகள்,
மீனா