சாவி யாரிடம்?

ஆசிரியருக்கு,

போன மாதம் அப்பாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறிவிட்டது. கடற்கரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி வைத்த ஃபிரிட்ஜின் சாவியோ விடுப்பில் போனவரின் வீட்டில். ஒன்றரை மணி நேரம் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. சாவி, மருந்து இருப்பு, யாருக்கு எப்போது பணி எல்லாம் பார்க்க அங்கே யாருமே இல்லை.

இந்த வேலைக்கென்றே ஒரு படிப்பு உண்டு. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1934லேயே மருத்துவமனை நிர்வாகத்தை முதுநிலைப் படிப்பாக்கியது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, நிர்வாகப் பணிக்கு வேலையிலேயே பழக்குகிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் இந்தப் படிப்பு உண்டு. 2022இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. சரி, அங்கேயே இதையும் தொடங்கி, மாணவர்களைத் தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் பயிற்சிக்கு அனுப்பலாமே!

- ஒரு மீனவர் மகள், தொண்டி