திருமணமானதுமே கொடுக்க வேண்டிய மாத்திரை

ஆசிரியருக்கு,

குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைகளைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமில (ஒரு பி வைட்டமின்) மாத்திரையைக் கருவுறும் முன்பே ஏன் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் செல்கள் மூன்று அடுக்குகளாகப் பிரிகின்றன. உள்ளடுக்கிலிருந்து குடலின் உட்சுவர், நுரையீரல், கல்லீரல். நடு அடுக்கிலிருந்து இதயம், எலும்பு, தசை, ரத்தம். வெளியடுக்கின் பெரும்பகுதி தோலாகிறது. அதன் நடுப்பகுதி மட்டும் தடித்து, இருபுறமும் மேலெழும்பி, பாய் சுருள்வதுபோல் மடிந்து குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் இந்த நரம்புக் குழாயிலிருந்தே வளர்கின்றன. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் அது முழுதாக மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளை முழுமையாக வளராது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாமல் போனால் ஸ்பைனா பைஃபிடா எனும் முதுகுத்தண்டுக் குறை: கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம்.

அந்த 28ஆம் நாளில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. மருத்துவரைப் பார்த்து ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கும்போது காலம் கடந்துவிடுகிறது. நரம்புக் குழாய் மூடாத குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்கள், அடுத்த கருவுக்கு முன்பே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் மீண்டும் அது நேரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைவதாக, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 1991இலேயே காட்டியது. கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆம் வாரம்வரை தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மலிவான மாத்திரைதான். புதிதாகத் திருமணமான பெண்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் வழியாக, கர்ப்பப் பதிவுக்குக் காத்திராமல், இதை வீட்டிலேயே கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்