‘போஷ்’ கதைய இனிமே போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வர்ற அபூர்வ இங்கிலீஷ் வார்த்தை பகுதிய எங்க வீட்டுல விடாம படிக்கிறோம், பத்தாவது படிக்கிற பொண்ணு அத கத்தரிச்சு நோட்டுல வேற ஒட்டி வைக்கிறா, அதனால தப்பா ஒண்ணு வந்தா அது நோட்டோட நிக்காது, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் போயிடும். போன வாரம் ‘போஷ்’க்கு, அதான் பணக்காரத்தனமான பகட்டுக்கு சொல்ற வார்த்தைக்கு, நீங்க போட்ட கதை அந்த ரகம்தான். கப்பல்ல இந்தியாவுக்கு வர்ற வெள்ளைக்காரங்க வெயில் படாத பக்கமா கேபின் கேப்பாங்களாம், வரும்போது போர்ட் சைடு (கப்பலோட இடது பக்கம்), திரும்பி போகும்போது ஸ்டார்போர்டு சைடு (வலது பக்கம்), ‘போர்ட் அவுட் ஸ்டார்போர்டு ஹோம்’னு டிக்கெட்ல முத்திரை குத்துவாங்களாம், அந்த முதலெழுத்துங்க சேர்ந்து போஷ் ஆச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி முத்திரை குத்துன டிக்கெட் ஒண்ணு கூட இன்னிக்கு வரைக்கும் சிக்கல, டிக்‌ஷனரி போடுறவங்க அந்த கதைய எப்பவோ தள்ளி வச்சுட்டாங்க.

பொதுவா ஒரு பழைய இங்கிலீஷ் வார்த்தைக்கு யாராவது முதலெழுத்து சேர்த்து விளக்கம் சொன்னா சந்தேகப்படணும் சார். எழுத்து சேர்த்து வார்த்தை செய்யுற பழக்கமே போன நூற்றாண்டுலதான் பெருகுச்சு, ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தது. நியூஸ்னா நார்த் ஈஸ்ட் வெஸ்ட் சவுத்னு சொல்றதெல்லாம் சும்மா, ‘நியூ’க்கு பின்னாடி ஒரு ‘எஸ்’, புதுசா நடந்த சங்கதிங்கன்னு அர்த்தம், அவ்ளோதான். பேப்பர் நடத்துற உங்களுக்கு நான் சொல்லணுமா.

நிஜக் கதை இதவிட ருசியா இருக்கும்போது எதுக்கு கட்டுக்கதை? ‘ரேண்டம்’ எடுத்துக்கோங்க, குறி எதுவும் இல்லாம போற போக்குலன்னு அர்த்தம், இப்ப பசங்க வாய்ல எதுக்கெடுத்தாலும் ரேண்டம்தான், ரேண்டமா ஒரு போட்டோ, ரேண்டமா ஒருத்தன் வந்து பேசுனான்னு. பழைய பிரெஞ்சுல அது கண்மண் தெரியாத வேகம், பாய்ச்சல். பீரங்கிக்காரங்க அத எடுத்துக்கிட்டு, குழாய மேல தூக்கி வச்சு சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போய் விழுமோ அந்த தூரத்துக்கு ரேண்டம்னு சொன்னாங்க. இதுக்கு சாட்சி எங்க கடலூர்லயே இருக்கு. 1690ல ஈஸ்ட் இந்தியா கம்பெனி மராட்டியர்கிட்டேர்ந்து தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்குச்சு, செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர் வச்சது அதுக்குத்தான், மெட்ராஸ்ல எலிஹு யேல் கவர்னரா இருந்த காலம். அந்த பேரத்துலயே கோட்டைய சுத்தி பீரங்கியோட ‘ரேண்டம் ஷாட்’ போற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்குன்னு இருந்துச்சு. கம்பெனிக்காரன் விடுவானா, பெரிய பீரங்கியா பாத்து மெட்ராஸ்லேர்ந்து கொண்டாந்து சுத்திலும் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரைக்கும் எல்லை போட்டுக்கிட்டான், அதுக்குள்ள அடங்குன ஊர்களுக்கு குண்டு கிராமம்னே பேர் நின்னுடுச்சு. ஆக அந்த ரேண்டம்ல போற போக்குல சுட்டது எதுவும் கிடையாது, நல்லா கணக்கு பண்ணி சுட்டதுதான்! சில்வர் பீச்சுக்கு வர்ற பல பேருக்கு பக்கத்துலயே இப்படி ஒரு வார்த்தை கிடக்குதுன்னு தெரியாது, உங்க பகுதில வந்தா நல்லாருக்கும்.

எல்லா இங்கிலீஷ் வார்த்தையும் தமிழ்லேர்ந்து போனதுதான்னு இன்னொரு கூட்டம் ஃபார்வர்டு அனுப்பிக்கிட்டே இருக்கு, அதையும் நம்பி போட்டுடாதீங்க. உண்மையா போனதே நம்மகிட்ட தாராளமா இருக்கு. கட்டுமரம் 1697லயே டாம்பியர்ங்கற இங்கிலீஷ் மாலுமி எழுதுன பயணப் புத்தகத்துல ஏறிடுச்சு, இப்ப கேட்டமரன்னா வெளிநாட்டுக்காரனுக்கு ரெண்டு அடிப்பாகம் வச்ச படகு, நம்ம ஆளுங்க மரத்த சேத்து கட்டுனது இல்ல. வெட்டிவேர் பிரெஞ்சு வழியா வெட்டிவர் ஆகி சென்ட் பாட்டிலுக்குள்ள போயிடுச்சு. சுருட்டு ஷெரூட் ஆச்சு. ஆனா ரசீது மட்டும் ரிசீட்லேர்ந்து வந்ததுன்னு யாராவது எழுதி அனுப்புனா ஏமாந்துடாதீங்க, அது பாரசீகம்.

அப்புறம் உச்சரிப்பு. காதால கேட்டு கத்துக்கிட்ட வார்த்தைய நம்ம ஜனங்க சரியாத்தான் சொல்றாங்க, ஸ்பெல்லிங் கடைசில ‘டி’ இருக்கேன்னு பஸ் டிப்போவ ‘டெபாட்’னு சொன்ன கண்டக்டர் யாராவது உண்டா? பக்கத்துல புதுச்சேரில லெப்டினன்ட் கவர்னர்னு சொல்றாங்களே, அந்த ஸ்பெல்லிங்ல ‘எஃப்’பே கிடையாது, ஆனா பிரிட்டிஷ்காரன் லெஃப்டெனன்ட்னுதான் சொல்வான், அமெரிக்காக்காரன் லூடெனன்ட்ம்பான். மூலம் பிரெஞ்சு, இன்னொருத்தர் இடத்துல இருக்குறவர்னு அர்த்தம் (யார் இடத்துலன்னு கேட்டா புதுச்சேரில சண்டை வரும், விடுங்க). கர்னலும் இப்படித்தான், இத்தாலில ‘ல’ சத்தத்தோட இருந்தது பிரெஞ்சு வாய்ல கொரொனெல் ஆச்சு, இங்கிலீஷ்காரன் அந்த ‘ர’வ வாய்ல வச்சுக்கிட்டு எழுத்த மட்டும் திரும்ப ‘எல்’லுக்கு மாத்திட்டான்.

நாம மாட்டிக்கிறது புத்தகத்துல பாத்து கத்துக்கிட்ட வார்த்தைலதான். கடனுக்கு சொல்ற ‘டெட்’ட எத்தன பேர் டெப்ட்னு சொல்றாங்க, அந்த ‘பி’ பிரெஞ்சுலேர்ந்து வந்தப்ப அதுல இல்லவே இல்ல, லத்தீன்ல டெபிட்டும்னு இருக்கேன்னு படிச்சவங்க பின்னாடி சொருகுனது. ஐலேண்ட்ல நிக்கிற ‘எஸ்’ இன்னும் மோசம், அது சம்பந்தமில்லாத வேற ஒரு வார்த்தைய பாத்து தப்பா சேத்தது. இத சொல்லிக் குடுத்தா பசங்களுக்கு ஸ்பெல்லிங் மேல இருக்கற பயத்துல பாதி போயிடும்.

அதனால அர்த்தம் போடுற மாதிரியே சத்தத்தையும் தமிழ்ல போடுங்க சார், ‘ஃப’ வர்ற இடத்துல வெறும் ‘ப’ போட்டு ஒப்பேத்தாம, எந்த இடத்துல அழுத்தி சொல்லணுமோ அத தடிச்ச எழுத்துல காட்டி. இடம் பத்தலன்னா வாரபலன்ல ரெண்டு வரி குறைச்சுக்கலாம், எங்க ராசிக்கு எப்பவும் அலைச்சல்னுதான் போடுறீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்