47 நாட்களாக இரண்டு துண்டாக நிற்கும் என் டிராக்டரும் நீங்கள் மூன்று முறை தவறாக அனுப்பிய கிளட்ச் செட்டும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், இதை முழுதாகப் படிக்கிற பொறுப்பில் யாராவது அங்கே இருந்தால் அவருக்கும்,

வணக்கம். ஆர்டர் எண், வண்டியின் வரிசை எண், இன்ஜின் எண், தகட்டின் படம் எல்லாவற்றையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன். இது ஆறாவது முறை. முந்தைய ஐந்தும் உங்களிடம்தான் எங்கேயோ இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

நேற்று உங்கள் அழைப்பு மையத்தில் ஒருவர் என்னிடம் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ராத்திரி முழுக்க அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "சார், உங்க வண்டி நம்பர் சிஸ்டத்துல வரல. சிஸ்டத்துல வரலைன்னா அது எங்க வண்டியே இல்லைன்னு அர்த்தம்." நான் சொன்னேன், தம்பி, கியர்பாக்ஸ் வார்ப்பிலேயே உங்கள் நிறுவனத்தின் பெயர் புடைத்து நிற்கிறது, கையால் தடவிப் பார்க்கலாம் என்று. அதற்கு அவர், "இவ்வளவு அலையறதுக்குப் புதுசா ஒண்ணு எடுத்துடலாமே சார்" என்றார். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் பக்கத்தில் இருந்த யாரிடமோ, போனை மூடாமலேயே, "அந்தப் பழைய இரும்புக்காரர்டா" என்று சொல்லிச் சிரித்தார். அதோடு இணைப்பு போய்விட்டது. அழைப்பைப் பதிவு செய்வதாக ஒவ்வொரு முறையும் நீங்களே சொல்கிறீர்கள். நேற்று பகல் 11 மணி சுமாருக்கு வந்த அழைப்பை எடுத்துக் கேளுங்கள்.

பழைய இரும்புக்காரர். சரி, இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அந்த இரும்பை 1978இல் வார்த்தவர்கள் நீங்கள்.

விஷயம் இதுதான். எனக்கு இருப்பது சின்ன நிலம். அதற்குப் புதிய வண்டி எடுத்தால் நிலத்தைவிட வண்டி பெரிதாகிவிடும். அதனால் 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், வயரிங் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பழைய வண்டியாக ஐந்து மாதம் தேடி வாங்கினேன். உங்கள் இன்னொரு ஊழியர், "பழைய வண்டி வாங்குறவங்கதான் பார்த்து வாங்கணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். பார்க்காமலா வாங்கினேன்? நான் போகும்போது இன்ஜின் சூடாக இருக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டுப் போய், பிளாக்கில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் சாவியையே திருகச் சொன்னேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தேன், ஆயில் கம்பியை உருவிப் பால் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன், நீலப் புகை வருகிறதா என்று சைலன்சர் பக்கத்திலேயே நின்றேன். கலப்பையை மாட்டி லிஃப்ட்டைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். விற்றவர் மீட்டரைக் காட்டி இவ்வளவு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்றார், அந்த வகை மீட்டர் இன்ஜின் சுற்றுக்கு ஏற்றபடிதான் மணியை எண்ணும், மெதுவாக ஓட்டினால் குறைவாகத்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

கிளட்ச் தேய்ந்திருந்ததும் தெரிந்துதான் வாங்கினேன். பாரத்தோடு மேல் கியரில் போட்டால் இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை, கருகிய வாடை வந்தது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். ஏன் தைரியமாக வாங்கினேன் தெரியுமா? இந்த மாடலுக்கு எல்லா உதிரிபாகங்களும் கிடைக்கும் என்று உங்கள் இணையதளத்தில் போட்டிருக்கிறது. இன்று காலை வரை போட்டிருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த வண்டியில் கிளட்ச் மாற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பழைய இரும்புக்காரர் என்று சொன்னவருக்கு யாராவது சொல்லிக் கொடுங்கள். வண்டியை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பேட்டரி, டீசல் குழாய், வயரிங், ஸ்டியரிங் கம்பி எல்லாம் கழற்றி, முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடுகிறது என்பதால் முன்பாதி பக்கவாட்டில் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்து, பின்பாதிக்குக் கீழே ஜாக்கியும் கட்டையும் வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி மெல்ல உருட்ட வேண்டும். நாள் முழுக்க மூன்று பேர் வேலை. உங்கள் முதல் பார்சல் கையில் வந்த பிறகுதான் பிரித்தோம், உங்களை நம்பி. பழைய பிளேட்டைக் கழற்றி, அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதே என்று மெக்கானிக் சொன்னதால் ஈரத் துணியால் துடைத்து, ஃப்ளைவீலைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கி, அப்புறம் புதுப் பிளேட்டை கியர்பாக்ஸ் தண்டில் ஏற்றிப் பார்க்கிறோம். ஏறவில்லை. தண்டில் நீளவாக்கில் 10 தடித்த பல். நீங்கள் அனுப்பியது நுண்பல் பிளேட், அதாவது நடுத் துளையில் பொடிப் பல்லாக இருப்பது.

அன்றிலிருந்து என் வண்டி அப்படியே நிற்கிறது. இன்ஜின் கொட்டகைக்குள்ளே, பின் சக்கரங்கள் வாசலில், நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற இடைவெளி. பின்பாதியைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறேன், கிளட்ச் கூட்டின் வாயில் சாக்கு திணித்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு கோழி அதற்குள் முட்டையிட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொட்டகைக் கதவை மூட முடியவில்லை. முதல் மழை வந்தது, போனது. பக்கத்து நிலத்தில் உழுது முடித்துவிட்டார்கள். வாடகைக்கு வண்டி கேட்டால், அந்த நேரத்தில் எல்லோருக்கும் அதே மழைதானே, யாரிடம் வண்டி சும்மா இருக்கும்? இந்த வருஷமே எனக்குப் போய்விட்டது என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது பார்சலில் 10 பல் பிளேட்தான் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை கிளட்ச். என் வண்டி இரட்டை கிளட்ச், பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ., அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு, நிற்கும். ஒற்றை கிளட்சைப் போட்டால் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரும் சேர்ந்து நிற்கும், அதை எப்படி ஓட்டுவது? இதுவும் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பழைய உதிரிபாகப் புத்தகத்தில் ஒற்றைக்கு ஒரு பக்கம், இரட்டைக்கு ஒரு பக்கம், இந்த வரிசை எண் வரை ஒரு பிளேட், அதற்குப் பிறகு இன்னொரு பிளேட் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறது. என் மெக்கானிக்கிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது, அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறையோடு. அச்சடித்த உங்களிடம் இல்லையா?

அதே வண்டியின் பின்னால் போய் பி.டி.ஓ. தண்டைப் பாருங்கள். 540 சுற்று, 6 பல், 35 மில்லிமீட்டர். எந்த நிறுவனத்தின் ரொட்டவேட்டரையும் கொண்டு வந்து மாட்டலாம், போய் உட்காரும். கலப்பையை மாட்டும் கீழ் இணைப்புப் பின் 22 மில்லிமீட்டர், முதல் வகை என்கிற பொது அளவு, அந்த அளவில் எவர் செய்த கலப்பையும் சேரும். உலகத்தில் ஒருவரை ஒருவர் பிடிக்காத நிறுவனங்கள்கூட இதிலெல்லாம் ஒத்துப்போயிருக்கின்றன. உங்கள் கிளட்ச் மட்டும் உங்கள் கியர்பாக்ஸோடு சேரமாட்டேன் என்கிறது.

இப்போது அந்தப் பயணம். இரண்டாவது பார்சலுக்குப் பிறகு உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, பழைய பாகத்தை உங்கள் உதிரிபாகக் கிடங்குக்கு நேரில் கொண்டு வந்தால் உடனே சரியானதைக் கொடுத்துவிடுகிறோம் என்று. "உடனே" என்ற சொல் அதில் இருக்கிறது. இரட்டை கிளட்ச் செட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் கனம். சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறி, நாலு மணி நேரம், ஏறும் இடத்தில் எல்லாம் இது என்ன, எங்கே வைப்பீர்கள், டிக்கெட் போடணும் என்று பேச்சு வாங்கி, போய்ச் சேர்ந்தால் காவலாளி சொல்கிறார், இன்று இருப்புக் கணக்கெடுப்பு, கவுண்டர் கிடையாது. மின்னஞ்சலைக் காட்டினேன். அவர் பாவம், என்ன செய்வார், தண்ணீர் கொடுத்து நாற்காலி போட்டார். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு வெளியே வந்த ஒருவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்து, ஒரே பார்வையில், "இது பழைய 10 பல் இரட்டை ஆச்சே, சிஸ்டத்துல நுண்பல்தான் காட்டும்" என்றார். அப்பாடா என்றிருந்தது. சரி கொடுங்கள் என்றேன். "இங்க கொடுக்க முடியாது சார், ஒரு மெயில் போட்டுடுங்க."

மெயில் போடுவதற்கு நான் ஏன் அதைச் சுமந்துகொண்டு வர வேண்டும்? கைகள் இரண்டும் கரி, சட்டையெல்லாம் கிரீஸ், திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என் தோள் இன்னும் வலிக்கிறது, மருத்துவரிடம் காட்டினால் அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது பார்சல் போன வாரம் வந்தது. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் சரியான பாக எண். நிம்மதியாகத்தான் திறந்தேன். உள்ளே நுண்பல் பிளேட். அதுமட்டுமில்லை, முதல் தடவை ஏறவில்லை என்றதும் எங்கள் மெக்கானிக் சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அந்தக் குறி அப்படியே இருக்கிறது. நான் திருப்பி அனுப்பிய அதே பிளேட்டைப் புதுப் பெட்டியில் போட்டு எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். படம் இணைப்பில். இதைப் பார்த்து மெக்கானிக் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அன்றைக்கும் அவருக்குக் கூலி கொடுத்தேனே.

உங்களில் எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நாள் பேசிய பெண் தண்டின் பல்லை எண்ணிச் சொல்லுங்கள் சார், பெடலில் இரண்டு கட்டம் இருக்கிறதா என்று சரியான கேள்விகளைக் கேட்டார், குறித்துக்கொண்டார். அவர் குறித்ததை யார் அழித்தது என்று தெரியவில்லை. அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம், அவரை மேலாளராகப் போட்டால்கூட எனக்குச் சம்மதம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை, மரியாதையாகவே கேட்கிறேன். அந்த 10 பல் இரட்டை கிளட்ச் செட் உங்களிடம் இருக்கிறதா இல்லையா? இருந்தால் அனுப்புங்கள், பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் பல்லை எண்ணிப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு ஒட்டுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள், நான் பழைய பிளேட்டுக்கே புது லைனிங் வைத்து ரிவிட் அடித்துக்கொள்வேன், அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் வண்டி ஓடியிருக்கும். ரிலீஸ் பேரிங்கும் பைலட் பேரிங்கும் பிளேட்டோடு சேர்ந்து வர வேண்டும், அதற்கு என்று மறுபடி பிரிக்க மாட்டேன். திருப்பி அனுப்பிய பார்சல் செலவு, மெக்கானிக் வீணாக வந்த மூன்று நாள் கூலி, அந்தப் பயணம், இவற்றுக்கான ரசீதுகள் இருக்கின்றன, பஸ் டிக்கெட் உட்பட. நேற்றுப் பேசியவர் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வேலை போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர் ஒரு நாள் இங்கே வந்து பின்பாதியைப் பிடித்துத் தள்ளட்டும், போதும்.

ஏழு நாள். எட்டாவது நாள் நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு போடுவேன், இதை எழுதும்போதே வக்கீலிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தச் சுண்ணாம்புக் குறி போட்ட பிளேட்டை வீடியோ எடுத்து, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிற எல்லாக் குழுக்களிலும் போடுவேன். அங்கே உங்கள் வண்டியைத்தான் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள், உங்களைப் பற்றி நல்லதாகவும் நிறையப் பேசுகிறார்கள். நானே பேசியிருக்கிறேன். வண்டி நல்ல வண்டி, அதனால்தான் இவ்வளவு கோபம்.

தயவுசெய்து இதற்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற அந்தத் தானியங்கிப் பதிலை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் இரண்டு பாதிகளுக்கும் சொந்தக்காரன்

பின்குறிப்பு: முதல் புகார் கொடுத்த நாளிலிருந்து புது டிராக்டர் எக்ஸ்சேஞ்ச் சலுகை என்று தினமும் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால் கூடுதல் தள்ளுபடியாம். எந்தப் பாதியை ஓட்டிக்கொண்டு வரட்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.