பேனல் மாற்றுவது பற்றி

தருமபுரி

அன்புள்ள முருகேசா,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? மாங்காய் சீசன்; உங்கள் கிருஷ்ணகிரியில் மண்டிப் பக்கம் நடக்கவே வழியிருக்காது.

உங்கள் எக்ஸ்ரே அறையில் கேசட்டை ரீடரில் படிக்கிற சிஆரைத் தள்ளிவிட்டுப் பழைய 300 எம்ஏ எக்ஸ்ரே மெஷினுக்கே, படத்தை நேரே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வயர்லெஸ் டிஆர் பேனல் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். ஆனால் விற்க வருகிறவர்கள் ‘14க்கு 17 அங்குலம், பிக்சல் 140 மைக்ரான்’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள். பிக்சல் அளவில் இன்றைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. உள்ளே எக்ஸ்ரேயை வெளிச்சமாக மாற்றுவது சீசியம் அயோடைடா, காடோக்ஸா என்று கேள்.

காடோக்ஸ் என்பது தூள் பூச்சு. வெளிச்சம் பக்கவாட்டில் சிதறும். படம் மங்காமலிருக்கப் பூச்சை மெல்லிசாக வைத்தாக வேண்டும். மெல்லிசாக்கினால் எக்ஸ்ரே நிறையப் பிடிபடாமலே ஓடிவிடும். சீசியம் அயோடைடை ஊசி ஊசியாக வளர்த்திருப்பார்கள். வெளிச்சம் அந்தந்த ஊசிக்குள்ளேயே குழாயில் போகிற மாதிரி இறங்கும். அரை மில்லிமீட்டர் கனம் வைத்தாலும் கூர்மை பெரிதாகக் குறையாது, அதே படம் குறைந்த எம்ஏஎஸ்ஸில், அதாவது குறைந்த எக்ஸ்ரே அளவில், கிடைக்கும். குழந்தைகள் வரும் இடத்துக்கு வேறு யோசனையே வேண்டாம். சீசியம் அயோடைடுக்கு எதிரி ஈரம். பேனல் விழுந்து ஓரம் விரிந்து ஈரக்காற்றுப் புகுந்தால் அந்த இடம் மங்கிப்போகும்; எந்தக் கேலிப்ரேஷனும் (அளவுத் திருத்தமும்) அதை மீட்காது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் படலத்தில் செய்த பேனலும் வந்திருக்கிறது. எடை குறைவு, சட்டென்று உடையாது. வார்டுக்குத் தூக்கிப்போகிற வேலை இருந்தால் அதற்குக் கூடுதல் பணம் தரலாம்.

உன் மெஷினுக்கு நிஜமான தொல்லை டிரிகரில், அதாவது எக்ஸ்ரே விழும் நேரம் பேனலுக்குத் தெரிவதில், வரும். எக்ஸ்ரே விழுந்ததைத் தானே உணர்ந்து விழித்துக்கொள்ளும் பேனல்தான் பெரும்பாலும் தருவார்கள். கைக்குழந்தையின் கையை 45 கேவி என்ற குறைந்த மின்னழுத்தத்தில், எக்ஸ்ரே விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டரை இறுக்கி எடுக்கும்போது அது விழிக்காமல் போகலாம். படமும் இல்லை, குழந்தைக்கு டோஸ் மட்டும் மிச்சம். இன்னொன்று, பேனல் எத்தனை நேரம் வாங்கிக்கொள்கிறது என்று பார். 100 எம்ஏவில் லேட்டரல் இடுப்பு முதுகெலும்புக்கு 80 எம்ஏஎஸ் கொடுத்தால் 0.8 விநாடி ஆகும். பேனலை அரை விநாடிக்கு வைத்திருந்தால் மீதி எக்ஸ்போஷர் வீண். படம் மணல் மணலாக வரும், நீ கேவியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். ஹேண்ட் ஸ்விட்சிலிருந்து வயர் இழுத்து பேனலோடு சேர்க்க முடிந்தால் அதையே செய்யச் சொல்.

பேனலைச் செருகும் பழைய பக்கியில், சிதறும் எக்ஸ்ரேயைத் தடுக்க இருக்கும் ஈயக்கோட்டு கிரிட்டையும் கவனி. 140 மைக்ரான் பேனல் மில்லிமீட்டருக்குச் சுமார் 3.6 கோடுவரைதான் நேர்மையாகக் காட்டும். சென்டிமீட்டருக்கு 40 கோடு, அதாவது மில்லிமீட்டருக்கு 4, உள்ள கிரிட் அதைத் தாண்டுகிறது. அதன் கோடு வேறொரு வரியாக மடிந்து படத்தில் வந்து உட்காரும். கிரிட் அசைந்தால் தெரியாது. பக்கி மோட்டார் நின்றுபோயிருந்தால் கண்டிப்பாகத் தெரியும். கோட்டை நீக்கும் சாஃப்ட்வேர் சேர்த்தே வருகிறதா என்று கேட்டுக்கொள்.

கேலிப்ரேஷனை இன்ஸ்டாலேஷன் ஆளிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதே. பேனல் அரை மணி நேரம் ஓடி சூடு நிலைத்திருக்க வேண்டும். கிரிட்டைக் கழற்று, பேனலைத் துடை, காலிமேட்டரை விளிம்புக்கு வெளியே வரை திற. டியூபைத் தூரத்தில் நடுவாக நிறுத்தி, கம்பெனி சொன்ன அலுமினியமோ செம்போ காலிமேட்டர் வாயில் வைத்து, 70 கேவி சுற்றில் சீரான ஷாட்டுகள் எடுக்க வேண்டும். அந்த நேரம் பேனல்மேல் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தால், அங்கே சிக்னல் குறைவு என்று நினைத்து மெஷின் அதை ஏற்றிக் கணக்கு வைத்துக்கொள்ளும். பிறகு சொட்டைச் சுரண்டி எடுத்தாலும், வருகிற ஒவ்வொரு நெஞ்சுப் படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் பொட்டு. நோயாளி மாறியும் பொட்டு நகரவில்லையென்றால் இதுதான் காரணம்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டாலும், வருஷக்கணக்கில் போர் தண்ணீரின் ஃபுளோரைடைக் குடித்த எலும்புகள் இன்னும் படத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பேனலின் ஆட்டோ பிராசஸிங் எந்த எலும்பையும் ‘அழகான’ சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஃபுளோரைடால் எலும்பு அடர்ந்திருக்கிறது என்பதை ஃபிலிமில் பார்த்ததுபோல இதில் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. முன்கையை எடு. இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்து, ஓரம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பதை எந்த பிராசஸிங்கும் மறைக்காது. ஓரங்களைக் கூர்மையாக்கும் எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட்டை மட்டும் அதிகம் ஏற்றிவிடாதே, இல்லாத முள்ளும் தெரியும்.

படம் பளிச்சென்று வருகிறதே என்று பசங்கள் எம்ஏஎஸ்ஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். டிஆரில் டோஸ் கூடினால் படம் கறுக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. திரையில் டிவியேஷன் இன்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் சரி, +3 என்றால் இரட்டிப்பு டோஸ், −3 என்றால் பாதி. வாரம் ஒரு நாள் அந்த எண்ணை நோட்டில் எழுதச் சொல்.

ஆபரேஷன் தியேட்டரில், எக்ஸ்ரேயை ஓடும் படமாகத் திரையில் காட்டும் பழைய ஐஐடிவிக்குப் பதில் பேனல் வைத்த சி-ஆர்ம் வாங்கும் பேச்சு இருப்பதாக எழுதியிருந்தாய். எலும்பு முறிவுக்கு நெயில் (உள்கம்பி) போடுகிறவர்களுக்கு ஓரத்தில் நேர்கோடு வளையாமல் தெரிவதே பெரிய லாபம். எக்ஸ்ரே பல்ஸை விநாடிக்கு 30லிருந்து 8க்கு இறக்கி எடுக்கப் பழக்கினால் டோஸும் நன்றாகக் குறையும்.

கொட்டேஷன் வந்ததும் ஒரு காப்பி அனுப்பு. பேட்டரி வாரண்டி எத்தனை மாதம், பேனல் விழுந்தால் யார் செலவு என்ற இரண்டு வரியும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
சண்முகம்